இரண்டு குளம் கட்டினாலும் மழை ஒன்றுதான்

அம்ப் பெட்டியின் மேல் 3000 வோட்ஸ் என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. மருமகன் அதைக் கல்லடிப் பாலத்தடித் தேத்தண்ணிக் கடை மேசையில், பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற பக்குவத்தோடு இறக்கி வைத்தான். வெளியே அவனுடைய வான் நின்றது. முப்பது வயதை நெருங்கும் டொல்பின். கல்யாண ஹயர், பள்ளிக்கூட ஹயர், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கு ஆள் ஏற்றுவது என்று அவனுடைய குடும்பம் அந்த வானில்தான் ஓடுகிறது.

"மாமா, ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை பூட்டப்போறன்."

"பூட்டலாம் மகன். முதல்ல பிளேன்ரீயக் குடி. மறுகா பெட்டியத் திறப்பம்."

வாகன வயரிங் எனக்கு நெடுநாள் பழகிய வேலை. பாட்டுச் செட் பூட்ட வருகிற இளம் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வழியில்தான் வருகிறார்கள். முதலில் வூஃபர் வாங்குவார்கள். அதற்கு ஏற்ற அம்ப் வாங்குவார்கள். கையில் மிஞ்சிய காசில் வயர் வாங்குவார்கள். அல்டனேட்டரைப் பற்றி நினைப்பது, அது எரிந்த பிறகு. நான் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். எஞ்சினில் தொடங்கி ஸ்பீக்கரில் முடிக்க வேண்டும். அவனுக்கு அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வான் வைத்திருப்பவர்களுக்கும் பஸ் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

பெட்டியைத் திறந்ததும் நான் தேடியது பியூஸை. அம்பின் பின்பக்கம், பெட்டரி வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் தட்டையான இரண்டு பியூஸ் இருந்தன. ஒவ்வொன்றிலும் 30 என்று எழுதியிருந்தது. பெட்டியில் போட்ட எண் விற்பதற்காகப் போட்டது. பியூஸில் உள்ள எண், அம்ப் எரியாமல் இருப்பதற்காக அதைச் செய்தவர் போட்டது. இரண்டில் எதை நம்புவது என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு முப்பது அறுபது அம்பியர். எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது ஏறக்குறைய 13.8 வோல்ட். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வோட்: 828. அந்த அம்புக்குள் தொடர்ந்து போகக்கூடியது அவ்வளவுதான். உள்ளே போவதெல்லாம் பாட்டாக வெளியே வராது, ஒரு பங்கு சூடாகிப் போகும். டி கிளாஸ் என்ற புதிய வகை அம்ப் ஏறக்குறைய 80 வீதத்தைப் பாட்டாக்கும். பழைய ஏபி வகை 50, 55 வீதத்தோடு நின்றுவிடும். இவனுடையது டி கிளாஸ். 828இல் 80 வீதம் 660க்குக் கிட்ட.

"அப்ப மூவாயிரம் எண்டது?"

"அது பெட்டிக்குத்தான் மகன்."

அவன் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே 3000 வோட் தருகிற அம்பாக இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். 3000 வோட் வெளியே வர, உள்ளே 3750 போக வேண்டும். 13.8ஆல் பிரித்தால் 270 அம்பியரைத் தாண்டும். ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது செல்ஃப் மோட்டர் இழுக்கிற அளவு அது. செல்ஃபை நாம் இரண்டு, மூன்று விநாடிக்கு மேல் அடிப்பதில்லை. முழுச் சத்தத்தில் 3000 வோட் என்றால், ஒவ்வொரு பாஸ் அடிக்கும் செல்ஃப் அடிப்பது போல. அதுவும் பாட்டு முடியும் வரைக்கும். அந்த வேலையை எந்தத் தொழிற்சாலையும் இந்த வானுக்குக் கொடுத்து அனுப்பவில்லை.

அவனுடைய தகப்பனுக்குப் படுவான்கரையில் வயல் இருக்கிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வட்டை. சின்ன வயதிலிருந்தே வாய்க்கால் வரம்பில் நடந்தவன். ஆகவே அந்த வழியால் சொன்னேன். பெட்டரி குளம். அல்டனேட்டர் குளத்துக்கு வருகிற ஆறு. கேபிள் வாய்க்கால். அம்ப் வயல். குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தாலும் வாய்க்கால் ஒடுக்கமாக இருந்தால் கடைசி வயல் காயும். வாய்க்கால் அகலமாக இருந்து, ஆறு வற்றியிருந்தால் குளம் இறங்கிக்கொண்டே போகும்.

"அப்ப ரெண்டாவது பெட்டரி ஒண்டு போட்டாச் சரிதானே மாமா?"

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. இரண்டு குளம் கட்டினாலும் மழை ஒன்றுதான். பெட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. எஞ்சின் ஓடும்போது அல்டனேட்டர் கொடுத்ததை வைத்திருந்து, பிறகு அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் திருப்பித் தரும். இரண்டாவது பெட்டரி என்றால் அல்டனேட்டர் நிரப்ப வேண்டிய வாய் இரண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கிறவனுக்கு அது தேவை. ஓடும்போது ஹெட்லைட் மங்குகிறது என்று முறையிடுகிறவனுக்கு அது மருந்தில்லை.

பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வானுக்குப் போனோம். அல்டனேட்டரின் தகட்டை எண்ணெய் துடைத்துப் பார்த்தேன். 70 அம்பியர் என்று அடித்திருந்தது. அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஹெட்லைட் இரண்டும் 9 அம்பியர். பின் லைட், மீட்டர் லைட் எல்லாம் சேர்த்து 4. ஏசி காற்றாடி முன்னுக்கும் பின்னுக்கும் 20க்குக் கிட்ட. ஏசி கிளட்ச் 4. கண்டென்சர் காற்றாடி 8. மழை பெய்தால் வைப்பர் 5. கூட்டினால் 50. இது மழை நாளில், ஏசி போட்டு, ஆட்களோடு இரவில் ஓடும்போது. மார்கழி மாதத்தில் மட்டக்களப்பில் இப்படியான இரவுகளுக்குக் குறைவில்லை. எழுபதில் ஐம்பது போனால் மிச்சம் இருபது.

இருபது அம்பியர் 276 வோட். அதில் 80 வீதம் 220 வோட் பாட்டு. இவ்வளவுதானா என்று அவன் கேட்டான். இங்கே பாட்டின் இயல்பு நமக்கு உதவி செய்கிறது. எந்தப் பாட்டும் முழு நேரமும் உச்சத்தில் நிற்பதில்லை. மேளம் விழுகிற கணத்தில் உச்சம், அடுத்த கணத்தில் இறக்கம். ஒரு சாதாரண பாட்டில் சராசரி இழுவை உச்சத்தின் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்குப் போடலாம். ஓயாமல் பாஸ் அடிக்கிற பாட்டென்றால் பாதி வரைக்கும் போகும். 600 வோட் டி கிளாஸ் அம்ப் ஒன்று உச்சத்தில் 54 அம்பியர் இழுக்கும். சராசரி 18. மிச்சம் இருக்கிற இருபதுக்குள் அது அடங்குகிறது. உச்ச அடிகளின்போது குறைகிற அம்பியரை பெட்டரி கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, அடுத்த கணத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளும். அவன் கையில் இருந்த, பியூஸ் சொன்ன அந்த 660 வோட் அம்ப், தெரியாமலே அவனுடைய வானுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு இடிக்கும். 70 அம்பியர் என்பது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. சும்மா நிறுத்தி வைத்து ஓட விட்டால், பழைய அல்டனேட்டர் அதில் பாதியைத் தந்தாலே பெரிய விஷயம். கல்யாண வீட்டு வாசலில் ஏசியும் லைட்டும் போட்டுக்கொண்டு, எஞ்சினைச் சும்மா ஓட விட்டு, பாட்டையும் முழுச் சத்தத்தில் வைத்தால் குளம் இறங்கும். ஏசியை நிறுத்த வேண்டும், அல்லது சத்தத்தைக் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் மனம் இல்லாதவர் பெரிய அல்டனேட்டர் போட வேண்டும்.

பெரிய அல்டனேட்டர் கிடைக்காத பொருள் அல்ல. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால், வேறு மொடல் வண்டியிலிருந்து கழற்றிய 100, 120 அம்பியர் அல்டனேட்டர்கள் வரிசையாகக் கிடக்கும். தாங்கியும் பெல்ட் அகலமும் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும். மாற்றும்போது கூடவே மாற்ற வேண்டிய மூன்று வயர்கள் இருக்கின்றன. அல்டனேட்டரிலிருந்து பெட்டரியின் கூட்டல் முனைக்குப் போவது ஒன்று. பெட்டரியின் கழித்தல் முனையிலிருந்து பொடிக்குப் போவது ஒன்று. எஞ்சினிலிருந்து பொடிக்குப் போவது ஒன்று. தொழிற்சாலையில் போட்ட வயர்கள் 70 அம்பியரை நினைத்துப் போட்டவை. ஆறு பெருகி வரும்போது பழைய வாய்க்காலில் விட்டால் கரை உடையும். இந்த மூன்று வயரையும் மாற்றினாலே, வேறு ஒன்றும் செய்யாமல், ஹெட்லைட் மங்குவது குறைந்த வண்டிகளைக் கண்டிருக்கிறேன். 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க நாங்கள் பழைய வண்டியைத்தான் தைத்துத் தைத்து ஓட்டினோம். இன்றைக்கும் எங்கள் றோட்டில் ஓடுவதில் பெரும்பங்கு அப்படிப்பட்ட வண்டிகள். அவற்றின் வயரிங்கும் அந்த வயதுதான்.

தண்ணீர் உவமை ஒரு இடத்தில் உடையும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பிழையாகச் சொல்லித் தந்தவனாவேன். வயலுக்குப் போன தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வருவதில்லை. மின்சாரம் திரும்பி வந்தே ஆக வேண்டும். அம்புக்குள் போன 54 அம்பியரும் ஏர்த் வழியாக பெட்டரிக்கு வந்து சேர வேண்டும். போகிற வழிக்குக் கட்டைவிரல் தடிப்பில் கேபிள் போட்டுவிட்டு, வருகிற வழியைப் பெயின்ட் பூசிய ஒரு ஆணியில் கட்டிவிடுகிறார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. துருவும் கடத்தாது. கல்லடியிலோ நாவலடியிலோ நிற்கிற வண்டிக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்புக் காற்று ஓய்வதே இல்லை. செம்பில் பச்சைக் களிம்பு ஏறும், இரும்பில் துரு ஏறும். ஏர்த் கட்டுகிற இடத்தை இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, தடித்த லக்கை நட் போட்டு இறுக்கி, மேலே வசிலின் பூச வேண்டும். வருஷத்தில் ஒருதரம், மழைக்கு முன்னால், கழற்றிப் பார்த்துத் துடைத்துப் பூட்ட வேண்டும். எனக்கு வருகிற "அம்ப் வேலை செய்யுதில்ல" என்ற முறைப்பாடுகளில் அதிகம் ஏர்த்தில்தான் முடிகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் கார்பெட்டைத் தூக்கி, அடியில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் பார்த்த பிறகுதான் நான் கைவைப்பேன்.

கேபிள் விஷயத்தில் அவனோடு கொஞ்சம் சண்டை வந்தது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 4 எம்எம் வயர் வைத்திருந்தான். தடிப்பாகத்தான் தெரிந்தது. பெட்டரியிலிருந்து பின் சீற் வரைக்கும் 6 மீட்டர். அந்த வயரில் 54 அம்பியர் போனால் வழியிலேயே 1.4 வோல்ட் தொலைந்துவிடும். தொலைந்தது எங்கே போகும்? சூடாகும். 75 வோட் சூடு. ஒரு சோல்டரிங் அயனை விடக் கூடுதலான சூட்டைப் பயணிகளின் காலடியில், கார்பெட்டுக்குக் கீழே பரப்பி வைப்பது அது. அதே இடத்தில் 16 எம்எம் கேபிள் போட்டால் தொலைவது 0.35 வோல்ட். 25 எம்எம் போட்டால் 0.22. நான் 25 சொன்னேன். காசைப் பார்த்து 16க்கு இறங்கினோம். அவனுடைய அம்புக்கு அது போதும்.

கடையில் "கார் ஓடியோ கேபிள்" என்று சிவப்பு ரப்பரில் மினுங்கிக்கொண்டு தொங்குவதை வாங்கும்போது கையில் ஒரு சின்னக் கத்தி இருக்கட்டும். ஒரு இழையை எடுத்துச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்பு முலாம் பூசியது. அது செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடச் சரியாகக் கடத்தாது. 16க்கு அதை 25 ஆகப் போட வேண்டும். மறுபக்கமாக, வெளியே வெள்ளையாகவும் வெட்டின முகத்தில் செம்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. போட்டுகளுக்கும் கப்பல்களுக்கும் போடுகிற நல்ல வயர். எங்கள் உப்புக் காற்றுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. இரண்டும் கிடைக்காவிட்டால் ஹார்ட்வெயார் கடையில் வெல்டிங் கேபிள் கேளுங்கள். மெல்லிய இழைகளால் முறுக்கிய செம்பு, நன்றாக வளையும், 16, 25, 35 என்று அளவு சொல்லியே விற்பார்கள்.

பியூஸ் எங்கே என்று கேட்டேன். அம்பில்தான் இரண்டு இருக்கிறதே என்றான். இது உயிர் சம்பந்தமான விஷயம், ஆகவே மெதுவாகச் சொன்னேன். அம்பில் உள்ள பியூஸ் அம்பைக் காப்பாற்றும். பெட்டரிக்கும் அம்புக்கும் இடையில் 6 மீட்டர் கேபிள் ஓடுகிறது. அது இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகிற இடத்தில், வண்டி அதிர அதிர, ரப்பர் உரசித் தேய்ந்து செம்பு இரும்பைத் தொட்டால், அம்பில் உள்ள பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. பெட்டரி பல நூறு அம்பியரை அந்த ஒரு இடத்தில் கொட்டும். கேபிள் சிவந்து, கார்பெட் பற்றி, வான் எரியும். ஆகவே பெட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் ஒரு பியூஸ் இருக்க வேண்டும். அவனுடைய 16 எம்எம் கேபிளுக்கு 60 அம்பியர். துளைக்கு ரப்பர் வளையம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வானில் இந்த ஒரு பியூஸ் இல்லாமல் பாட்டுச் செட் பூட்ட என் கை வராது. பூட்டித் தாருங்கள் என்று எவ்வளவு காசு வைத்தாலும் வராது.

பாசிக்குடாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். வானைக் கரையில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டைப் போட்டு ஆடுவார்கள். பின்னேரம் நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். இந்த வானில் கிடப்பது N70 பெட்டரி, ஏறக்குறைய 70 அம்பியர் மணி. சராசரி 18 அம்பியர் இழுத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பாதி காலி. பாதிக்குக் கீழே போன பெட்டரி டீசல் எஞ்சினைச் சுற்ற மறுக்கும். வண்டிக்குப் போடுகிற பெட்டரியின் தகடுகள் மெல்லியவை, செல்ஃபுக்கு ஒரு கணம் பெரிய அடி கொடுப்பதற்காகச் செய்தவை. அடிக்கடி ஒட்ட உறிஞ்சினால் சில மாதங்களில் செத்துவிடும். நிறுத்திவிட்டுக் கேட்கிற பழக்கம் உள்ளவருக்கு மட்டும் இரண்டாவது பெட்டரி. அது தடித்த தகடுள்ள டீப் சைக்கிள் வகையாக இருக்க வேண்டும். எஞ்சின் நின்றதும் முதல் பெட்டரியைப் பிரித்துவிடுகிற ஐசொலேட்டர் ரிலே ஒன்று நடுவில் இருக்க வேண்டும். ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் வைப்பதாக இருந்தால், தண்ணீர் ஊற்றுகிற பெட்டரி வேண்டாம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஐதரசன் வரும். மூடிய ஏஜிஎம் வகையை வையுங்கள்.

பஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பல பெரிய பஸ்களில் இருப்பது 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பெட்டரியைத் தொடராகக் கட்டியது. பாட்டுச் செட்டுக்கு 12 தானே வேண்டும் என்று, இரண்டில் ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுக்கிறார்கள். கொழும்புக்கு இரவில் ஓடுகிற ஒரு பஸ்ஸில் வருஷத்துக்கு இரண்டு பெட்டரி மாற்றுகிறார்கள் என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். பார்த்தால் இதுதான். வயர் எடுத்த பெட்டரி எப்போதும் பசியோடு கிடக்கும். அல்டனேட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், ஆகவே மற்றப் பெட்டரிக்கு அளவுக்கு மேல் ஊட்டும். ஒன்று பட்டினியால் சாகும், மற்றது கொதித்துச் சாகும். வெலிகந்தைக்கும் மன்னம்பிட்டிக்கும் இடையில், யானை றோட்டுக்கு வருகிற இடத்தில், லைட் இல்லாமல் நின்ற அந்தப் பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தார்கள். 24ஐ 12 ஆக்குகிற கன்வேட்டர் ஒன்றைப் போட்டால் இந்த வினையே இல்லை.

அக்குவா, பிறியஸ் மாதிரி ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அதில் அல்டனேட்டரே கிடையாது. பெரிய பெட்டரியிலிருந்து ஒரு கன்வேட்டர் 12 வோல்ட்டை எடுத்துக் கொடுக்கிறது. சிறிய 12 வோல்ட் பெட்டரி பெரும்பாலும் பின்னுக்கு இருப்பதால் கேபிள் நீளம் குறைவு, அது நன்மை. செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். அதில் ஓடுவது ஆளைக் கொல்லுகிற வோல்ட்.

இன்னொரு பொருளையும் மருமகன் வாங்கி வைத்திருந்தான். நீல விளக்கு எரிகிற கப்பாசிட்டர், ஒரு ஃபாரட். பாஸுக்கு இது போட்டால் லைட் மங்காது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். 14.4 வோல்ட்டிலிருந்து 12.4க்கு இறங்கும்போது அது கொடுக்கக்கூடியது 27 யூல் சக்தி. 600 வோட் அம்ப் ஒன்றே உச்சத்தில் ஒரு விநாடிக்கு 750 யூல் கேட்கும். ஒரு விநாடியின் இருபத்தெட்டில் ஒரு பங்குக்கு அது தாங்கும். பாஸ் அடி அதைவிட நீளம். பெட்டியைப் பிரிக்காமல் இருந்ததால் கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தக் காசில் ஏர்த் கேபிள் வாங்கச் சொன்னேன்.

இரண்டாவது பிளேன்ரீக்கு வந்து உட்கார்ந்தபோது பாண் ஓட்டோ போனது. எங்கள் ஊரில் பேக்கரி ஓட்டோ எல்லாம் ஒரே மெட்டை வாசித்துக்கொண்டு வருமே, பீத்தோவன் 1810இல் எழுதிய ஃபியூர் எலீஸ். அதைக் காட்டிச் சொன்னேன். ஓட்டோவின் கூரையில் இருக்கிற அந்தச் சின்னக் கோன் ஸ்பீக்கருக்குப் போவது சில வோட்தான், அதிகம் போனால் இருபது, முப்பது. நாலு ஒழுங்கைக்குக் கேட்கிறது. எப்படி? கோன் ஸ்பீக்கர் ஒரு வோட்டுக்கு 105 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும். உன்னுடைய வூஃபர் ஒரு வோட்டுக்கு 85 தரும். இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வோட். கோனில் பாஸ் வராது என்பது உண்மை. ஆனால் பாடம் அதேதான். ஒரு வூஃபரின் அட்டையில் 84 டெசிபல், இன்னொன்றில் 90 டெசிபல் என்று இருந்தால், 90க்கு 150 வோட் கொடுத்தால் போதும், 84க்கு 600 வோட் கொடுத்தாலும் அதே சத்தம்தான். ஸ்பீக்கர் வாங்கும்போது எல்லாரும் வோட்டைப் பார்க்கிறார்கள். நான் டெசிபலைப் பார்க்கச் சொல்கிறேன். அளவாக அடித்த நல்ல பெட்டியும் அதே வேலையைச் செய்யும். பலகைக்கும் பசைக்கும் அம்பியர் தேவையில்லை.

வோட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு அது கொஞ்சம் கூடினது போல இருக்கும், அவ்வளவுதான். காது "இரண்டு மடங்கு" என்று உணர ஏறக்குறைய பத்து மடங்கு வோட் வேண்டும். 600 போதாது என்று 1200க்குப் போகிறவர், அல்டனேட்டர், பெட்டரி, கேபிள் எல்லாவற்றையும் மாற்றி, கடைசியில் அந்த மூன்று டெசிபலைத்தான் வாங்குகிறார்.

இந்தக் கணக்கு வரும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வரும். 1990இல் போர் மறுபடி தொடங்கி மின்சாரம் இல்லாமல் போன ஆண்டுகளில், அங்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வோட். ஒருவர் சுற்ற, சுற்றிவர உட்கார்ந்து வீடு முழுவதும் செய்தி கேட்டது. சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் குரலும் சோரும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தத் தலைமுறைக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. இந்த வானிலும் யாரோ ஒருவர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார். எஞ்சின் சுற்றுகிறது, டீசல் எரிகிறது.

காதைப் பற்றியும் சொன்னேன். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணித்தியாலம் கேட்டால் காது தாங்கும் எல்லைக்கு வந்துவிடும். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிஷம்தான். பெரிய செட் பூட்டிய வானுக்குள் 100ஐத் தாண்டுவது மிகச் சுலபம். ஹயருக்கு வருகிற பெரியவர் இறங்கிப் போய்விடுவார். முழு நாளும் உள்ளே இருப்பவன் நீதான் என்றேன். பள்ளிக்கூட ஹயரில் பிள்ளைகள் இருக்கும்போது வூஃபரை அணைத்து வைக்க ஒரு சுவிட்சைக் கைக்கெட்டும் இடத்தில் போட்டுத் தருகிறேன் என்றதற்கு உடனே சம்மதித்தான். வெளியே வைக்கிற ஒலிபெருக்கிக்கு, பொதுவாக இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007இலேயே உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கதவைத் திறந்து வைத்து றோட்டுக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் அதையும் மனத்தில் வைக்க வேண்டும். எங்கள் வாவியில் நிலவு நாளில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்கிற ஆட்கள் இன்றைக்கும் இந்தப் பாலத்தடிக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் பாலத்தில் வானை நிறுத்திப் பாஸை அடிக்க வேண்டாம் என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பூட்டினோம். அம்ப் அதேதான். வூஃபர் ஒன்று மட்டும் 89 டெசிபல் உள்ளதாக மாற்றினான். 16 எம்எம் கேபிள் போகவும் வரவும், பெட்டரிக்குப் பக்கத்தில் 60 அம்பியர் பியூஸ், சுரண்டிக் கட்டிய ஏர்த், புதிய மூன்று வயர். பாட்டு வயரைக் கேபிள் போன பக்கத்தில் விடாமல் மற்றப் பக்கத்தால் கொண்டுபோனோம், எஞ்சின் கீச்சிடுகிற சத்தம் ஸ்பீக்கரில் வராமல் இருக்க. பாட்டை முழுதாக வைத்து மீட்டரைப் பிடித்தபோது அம்பின் முனையில் 13.3 நின்றது. ஹெட்லைட் மங்கவில்லை.

உங்கள் வண்டிக்கும் ஒன்று செய்யுங்கள். அம்ப் வாங்கப் போவதற்கு முதல் நாள், இருட்டின பிறகு, எஞ்சினைச் சும்மா ஓட விட்டு, ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு, பெட்டரியின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 13.5க்குக் கீழே காட்டினால், அம்புக்கு வைத்திருக்கிற காசை முதலில் அல்டனேட்டருக்கும் அந்த மூன்று வயருக்கும் கொடுங்கள்.